நடக்காத நாளுக்கு வெட்டிவேலை

பெர்பெத்துவா சண்டைக்காரி இல்லை. மணிலாவுக்கு வடக்கே இலோகோஸில், எங்கள் ஊர்ச் சந்தையில் உப்பில் ஊறிய மீன் விற்றாள். அவள் புருஷன் சில்வெரியோ வாயில்லாப் பூச்சி. வருஷத்துக்கு நாற்பது நாள் அரசாங்கத்துக்குக் கூலியில்லாத வெட்டிவேலையாக மலையிலிருந்து மரம் இழுப்பான். அது போதாதென்று ஊர்த்தலைவர் டோன் லிபோரியோவின் கரும்புக் கொல்லையிலும் முதுகொடிவான். பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அந்த நாற்பது நாள் கிடையாது.

1813இல் பூசை முடிந்ததும் மாதாகோயில் வாசலில் குமாஸ்தா ஒரு சட்டம் படித்தான். கடலுக்கு அப்பால் காதிஸ் நகரத்தில் எழுதியதாம். ஸ்பெயின் ஆளும் மண்ணில் பிறந்த எங்களைப் போன்றவர்களும் ஸ்பெயின்காரர்களாம். சுமை எல்லாருக்கும் பொதுவாம்.

"அப்ப டோன் லிபோரியோவும் மரம் இழுப்பாரா சாமி?" என்று பெர்பெத்துவா கேட்டாள். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

அவர் இழுக்காத மரத்தை நாங்கள் மட்டும் ஏன் இழுக்க வேண்டும் என்று மறுநாள் முதல் யாரும் வெட்டிவேலைக்குப் போகவில்லை. சில்வெரியோ முதல்முறையாகத் தன் சொந்தத் துண்டு நிலத்தில் கத்தரி நட்டான்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதே வாசல், அதே குமாஸ்தா. சிறையிலிருந்த ஸ்பெயின் அரசர் திரும்பி வந்துவிட்டார், சட்டம் செல்லாது, அந்தச் சட்டம் இருந்த காலமே நடக்கவில்லை என்று கொள்ள வேண்டும் என்று படித்தான். உடனே டோன் லிபோரியோ எழுந்தார். விட்டுப்போன வேலை ஆளுக்கு அறுபது நாள், அறுவடைக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டும் என்றார்.

பெர்பெத்துவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, அந்த நாளெல்லாம் நடக்கவே இல்லன்னு ராஜா சொல்றாரு. அப்படித்தானே?"

"ஆமா."

"நடக்காத நாள்ல என் வீட்டுக்காரர் எப்படி வேலைக்கு வராம இருந்திருப்பாரு? அறுபதுன்னு எந்த நாள எண்ணினீங்க?"

"ராஜாவையே கேள்வி கேக்கறியாடி, மீன்காரி?"

"அவரு கண்காணாத தூரத்துல இருக்காரு. அவரு பேரச் சொல்லி எங்க முதுகுல ஏறுற உங்களத்தான் கேக்கறேன்."

டோன் லிபோரியோ உடனே அவள் புருஷனைக் கம்பத்தில் கட்டச் சொன்னார். இருபத்தைந்து கசையடி. பதினொன்று விழும்வரை நாங்கள் மரம்மாதிரி நின்றோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. பன்னிரண்டாவதற்குச் சேவகன் கை ஓங்கியபோது பெர்பெத்துவா அந்தக் கையைக் கடித்தாள். பிறகு எங்களை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சில்வெரியோவை அவிழ்த்துவிட்டோம். டோன் லிபோரியோவின் வீட்டுக்குள் புகுந்து நாற்காலி, பட்டு, பீங்கான் எல்லாவற்றையும் தெருவில் போட்டு உடைத்தோம். அவர் பின்வாசல் வழியாக ஓடினார்.

நாலாம் நாள் சிப்பாய்கள் வந்தார்கள். அடிவாங்கியவனையே கலகத் தலைவன் என்று சங்கிலி மாட்டி மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். விவரமறியாத ஜனங்கள் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த கலகம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனாராம். தப்பாகவா? சரியாகப் புரிந்துகொண்டோம், அதுதான் குற்றம்!

அந்த அறுபது நாள் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நாற்பது நாள் மட்டும் திரும்ப வந்தது. மூன்றாம் வருஷம் சில்வெரியோ சிறையில் காய்ச்சலில் செத்தான் என்று சேதி வந்தது.

1821இல் மறுபடி கோயில் மணி அடித்தார்கள். நான் சந்தைக்கு ஓடினேன்.

"பெர்பெத்துவா, வாடி! அந்தச் சட்டம் திரும்பி வந்துடுச்சாம், படிக்கப் போறாங்க!"

அவள் மீன் ஜாடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சட்டம் வந்துடுச்சா? போனவரு வந்தாரா?"

நான் தனியாகத்தான் கோயிலுக்குப் போனேன். முன்வரிசையில் டோன் லிபோரியோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.