ஆதிகேசவன் குடிகாரரான கதை

ஆதிகேசவன் தம் ஆயுளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஆனால் திருத்தணி ஆட்டோ ஸ்டாண்டில் கடைசிக் காலத்தில் அவருக்குக் குடிகாரர் என்றுதான் பெயர்.

முதலில் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி போனது. நின்றுகொண்டிருந்த கரும்பு டிராக்டரில் உரசியிருந்தார். பிறகு மலையடிவாரத்தில் ஒரு பூக்காரியின் கூடையைச் சாய்த்தார். பொழுது இறங்கினால் நடை தள்ளாடியது. வீட்டில் பக்கத்திலேயே வைத்த காபி டம்ளரைப் புறங்கையால் தட்டிவிடுவார்.

"யோவ், வாய ஊது," என்றாள் மனைவி புஷ்பலதா.

ஊதினார். வெற்றிலை வாசம்தான் வந்தது.

"பாக்குப் போட்டு மறைக்கிறியா?"

கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. அரை ஃபர்லாங்கில் வரும் சென்னை பஸ்ஸின் போர்டைப் படிப்பார். கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் கண் முகாமில்கூட எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தார். டார்ச் அடித்துப் பார்த்து, "புரை இல்ல பெரியவரே, போங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

மகள் அனுசுயாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி ஒன்றில் பிரஷர் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. லீவில் வந்தவள், அப்பா கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தாள். சண்டை போட்டுச் சென்னைக்கு அழைத்துப் போனாள். அங்கே கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு கண்ணை மூடி, குழிந்த திரைக்குள் வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பொட்டுகள் மின்னிக்கொண்டே இருந்தன. அவர் கை சும்மாவே இருந்தது. கடைசியாகக் கண்மணி விரிய மருந்து விட்டு உள்ளே பார்த்தார்கள்.

கிளாக்கோமா. நேரே தெரியும், பக்கம் தெரியாது.

"போனது வராதுங்க. இருக்கறத மருந்து விட்டுக் காப்பாத்தலாம். வண்டி ஓட்டக் கூடாது," என்றார் டாக்டர். "கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் இதே மாதிரி முழுசா டெஸ்ட் பண்ணணும்."

ஃபேக்டரியில் இரும்புக் குழாய்க்கு மாதாமாதம் அழுத்தம் பார்க்கிறார்கள். இந்த மனிதரின் கண்ணுக்கு அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் அவர் மெல்லச் சொன்னார்: "பாப்பா, இத ஸ்டாண்டுல சொல்லாத."

"ஏன் நைனா? குடிகாரன்னு பேசிகினு இருக்கானுங்களே!"

"பேசட்டும். குடிச்சவன மறுநாள் வண்டி எடுக்க உடுவான். கண்ணு போனவன் வண்டில எவன் ஏறுவான்?"

அவள் சாவியைப் பிடுங்கினாள். அவர் வேறு சாவி செய்துகொண்டார். மருந்தை மட்டும் ஒழுங்காக விட்டார். ஸ்டாண்டில் யாராவது கேலி செய்தால், "ஆங், லைட்டா ஏத்திகினேன்," என்று தாமே சிரித்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், காலி வண்டியோடு அரக்கோணம் ரோட்டுக்குத் திரும்பியவர், இடப்பக்கமிருந்து வந்த லாரியைப் பார்க்கவில்லை.

காரியத்தன்று படையல் இலையில் ஒரு குவாட்டர் பிராந்தியை வைத்தார் தம்பி கஜபதி. அவரும் அதே ஸ்டாண்டில்தான் ஆட்டோ ஓட்டுகிறார்.

"அத எடுங்க சித்தப்பா. நைனா குடிச்சதே இல்ல. அது கண்ணு. உங்களுக்கும் இருக்கலாம். வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம்."

சுற்றிலும் ஸ்டாண்டு ஆட்கள். கஜபதி அவளை ஓரமாக இழுத்துப் போனார்.

"வாய மூடு. அண்ணனுக்குக் கண்ணுன்னா அடுத்து என்னத்தான் பார்ப்பானுங்க. வூட்ல ரெண்டு பொண்ணு நிக்குது. குடின்னே இருக்கட்டும்."

"செத்தவருக்கு நல்ல பேரு வேணாமா?"

"அத வெச்சிகினு அவரு இன்னா பண்ணப்போறாரு?"

எல்லாம் தெரிந்த புஷ்பலதா குவாட்டரை இலையிலேயே விட்டுவிட்டுக் கற்பூரத்தை எடுத்துக் கொடுத்தாள். கற்பூரம் காட்டி முடிந்ததும் கஜபதி அந்தப் பிராந்தியைத் தாமே ஊற்றி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார்.