ஜன்னல் சீட்டுக்கு ஒரு வாள்சண்டை

இண்டைக்கு டவுணில கிண்ணியா பஸ் ஏறேக்க ஒரே ஒரு சீட்தான் மிச்சம், அதுவும் ஜன்னல் சீட். எனக்கும் வேணும், என்னோட வேலை செய்யிற ரிஸ்வானுக்கும் வேணும்.

ரெண்டு பேரும் ஃபோனில வாள்சண்டை கேம் பைத்தியங்கள். அவன்ர கேமில வெட்ட வெட்ட லெவல் கூடும், வாளும் பெரிசாகும். என்ர கேமில கடைசி மட்டும் அதே வாள்தான், எங்கட கைதான் பழகவேணும்.

"உன்ர வாளைக் குடுத்தா குழந்தையும் வெல்லும்" எண்டன்.

"அப்ப ஃபோனை மாத்துவம். முதல்ல பூதத்தைக் கொல்லுற ஆளுக்கு சீட்."

நான் வடையைக் கடிச்சுக்கொண்டே ஒற்றைப் பெருவிரலால அவன்ர பூதத்தைச் சாய்ச்சிட்டன். என்ர ஃபோனில அவன் செத்துச் செத்து எழும்பினான்.

"சீட் எனக்கு" எண்டு சொல்ல வாயெடுக்கிறன், அவன் முந்திட்டான்.

"வெண்டது என்ர வாள். சீட் எனக்குத்தான்."

"தோத்தது உன்ர கையடா!"

இதுக்கிடையில ஏறின ஒரு மாமி நேரா போய் அந்த சீட்டில இருந்திட்டா.

"நீங்கள் கதைச்சு முடிவெடுங்கோ தம்பிமார், பிறகு நான் எழும்புறன்" எண்டா.

கிண்ணியா வரைக்கும் முடிவில்லை. நிண்டபடியே வந்து இறங்கினம்.

மாமி விளையாடுறது எந்த கேம் எண்டு ஆருக்கும் தெரியுமோ?