செங்கேணியின் அட்டை

உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள் செங்கேணி. பிரஸ் மிஷினில் தகடு அடிக்கும் ஒப்பந்த வேலை. பெட்டிகள் மேல் அச்சடித்திருந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒருநாள் சூப்பர்வைசர் ராஜாராமிடம் அர்த்தம் கேட்டாள்.

"இன்டர்சேஞ்சபிள். இதுக்குப் பதிலா அத மாட்டலாம், அதுக்குப் பதிலா இத மாட்டலாம். எத மாட்னாலும் மிஷினு ஓடும்."

ஆவணியில் அவள் மகளுக்கு டெங்கு கண்டது. லீவு கேட்டாள்.

"லீவுல்லாம் கெடையாது. உனக்குப் பதிலா யாரையாவது அனுப்பு. உன் கார்டப் போட்டுக்கினு வரட்டும்" என்றார் ராஜாராம்.

பக்கத்து வீட்டு சுகிர்தா முன்பு அதே வேலை பார்த்தவள். "நான் போறேன்க்கா, நீ கொயந்தயப் பாரு" என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் பிரஸ் இறங்கியதில் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலும் அடுத்த இரண்டு விரல்களும் போயின. ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து, செங்கேணி என்றே எழுதிக்கொண்டார்கள்.

நஷ்டஈட்டுக்குக் கைரேகை கேட்டபோதுதான் சிக்கல் வந்தது; சுகிர்தாவின் ரேகை செங்கேணியின் பெயருக்குப் பொருந்தாது. ராஜாராம் செங்கேணியைக் காஞ்சிபுரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டு, ரேகை வைக்கக் கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டிருந்தார்.

"வெரல வெச்சிட்டு வந்துரு. வேற எதுவும் பேசாத. துட்டு அந்தப் பொண்ணுக்குத்தான் போவப் போவுது."

உள்ளே போனாள். அதிகாரி தாளைப் படித்தார். செங்கேணி, வயது முப்பத்தொன்று, மூன்று விரல்கள் இழப்பு. சுகிர்தா என்ற பெயர் அதில் எங்குமே இல்லை. செங்கேணி கைக்கட்டை அவிழ்த்து, ஐந்து விரலையும் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"செங்கேணி நான்தான் சார். அடிபட்டவ சுகிர்தா. என் புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு எனக்கோசரம் வந்தவ."

கம்பெனி இருவரையுமே தெரியாது என்றது. வழக்கு இரண்டு வருடமாக இழுக்கிறது; சுகிர்தாவுக்கு நஷ்டஈடு இன்னும் வரவில்லை. செங்கேணி இப்போது நாற்று நடப் போகிறாள். காலையில் சுகிர்தாவுக்குத் தலை வாரிவிட்டுத்தான் கிளம்புவாள். சுகிர்தா தலையைக் கொடுப்பாளே தவிர முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள்:

"நெசத்தச் சொல்றதுக்கு முன்னால என்னிய ஒரு வார்த்த கேட்டியாக்கா?"

செங்கேணி சடையைப் பின்னி முடித்துவிட்டு வயலுக்குப் போனாள்.