மூன்றோடு நின்ற குரல்

செஞ்சிக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஜகபர் அலி, சரக்கு விற்க வாயைத் திறந்தால் பாதி பொய்தான் வரும். ஆனால் 1966 ஆடியில் நடந்த இந்த விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது என்பார். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ.

அன்று வெள்ளிக்கிழமை. பனமலை சுந்தரமூர்த்தி காலையிலேயே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் ஆதிமூலத்தின் மைக் செட். அண்ணன் மெட்ராஸுக்கு வேலைக்குப் போய்விட்டாராம், விற்கவேண்டுமாம். தலை புது மொட்டை, மீசையும் இல்லை. கேட்டதற்குத் திருப்பதி வேண்டுதல் என்றான். சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

பேரம் பேசாதவனைக் கண்டால் ஜகபர் அலிக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். ஆனாலும் லாபம் கண்ணை மறைத்தது. ஐந்து மணிக்குத் தொண்டூர் ரங்கநாதன் வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு. அன்று மாலை அவர் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். அவர்தான் மைக் பிடிப்பார்.

ஜும்மா முடிந்து வந்து, 2.10க்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு மஞ்சள் கண்டன்சர். அவருடைய கைவேலைதான். செத்த கண்டன்சரை மெழுகில் தோய்த்து, புதுசு என்று சித்திரையில் ஆதிமூலத்தின் தலையில் கட்டியது. அது கசிந்தால் கரண்ட் இரும்புப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து மைக்குக்கு. தெரியும். இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று மூடப்போனார்.

ம்ம்ம்ம்...

சோதனைக்காக மாட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இரைந்தது.

ஊரில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. லைன் வேலை. பிளக்கும் தரையில்தான் கிடந்தது.

பெரிய கண்டன்சரில் மிச்சக் கரண்ட் தேங்கியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வழக்கம்போல் அதன் இரு முனைக்கும் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வைத்தார். டப்! நீலப் பொறி. அமைதி.

2.25. ம்ம்ம்ம்... மறுபடி வைத்தார். பொறி முன்னைவிடப் பெரிதாக வந்தது.

எழுந்தார். உட்கார்ந்தார். வாசலில் கத்திரிக்காய் விற்ற காத்தாயியிடம், ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றார்.

"இன்னா பாய், கரண்ட் இல்லாத ஊர்ல உன் ரேடியோ மட்டும் பாடுதா?" என்று சிரித்தாள்.

2.40. இரைச்சலுக்குள் ஒரு குரல்.

"ஹலோ... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நின்றது.

ஆதிமூலத்தின் குரல். மைக்கைச் சோதிக்க அவர் எப்போதும் ஐந்து வரை எண்ணுவார்.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மேசையில் பூட்டி வைத்திருந்த ஒரே ஒரு நிஜப் புதுக் கண்டன்சரை எடுத்தார். ஈயம் பற்றவைக்கும் இரும்பைக் கரியடுப்பில் காய்ச்சினார்.

3.20. மஞ்சளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார்.

"...நாலு."

அப்புறம் சத்தமே இல்லை.

ஐந்து மணிக்கு வந்த ரங்கநாதன், பெட்டியைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இது ஆதிமூலத்தின் செட் ஆயிற்றே என்றார். ஆள் மெட்ராஸ் போயிருக்கிறார் என்று ஜகபர் அலி சொன்னார்.

"மெட்ராஸா? போன வாரம் கரண்ட் அடிச்சி, மைக்கைப் புடிச்சிக்கினே பூட்டாரு பாய். நான் எதிர்லதான் நின்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னாரு..."

பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"நாலு சொல்லல."

ஜகபர் அலி மூலையிலிருந்த மெழுகுச் சட்டியைப் பார்த்தார். சித்திரையில் அதில் தோய்த்து விற்றது பதினேழு கண்டன்சர்.

எந்தெந்த ஊருக்குப் போயின என்று அவர் எழுதி வைத்ததில்லை.