பாட்டு ஏறாத பெட்டி

கன்டெய்னர் யார்டில் அவரை எல்லோரும் மேல்மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதோடு சரி. கன்டெய்னர் அடுக்குகிற பெரிய கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, காலடியில் லாரிகள் எறும்பாய் ஊர்வதைப் பார்த்தபடி இரும்புப் பெட்டிகளைத் தூக்கி வைப்பது அவர் பிழைப்பு. முதலில் கீழே எடுபிடியாகச் சேர்ந்தவர்தான். பிறகு கிரேனுக்கு எண்ணெயும் கிரீஸும் போடுகிற ஆளானார். ஆபரேட்டர் லீவு போட்ட நாட்களில் ஏறி உட்கார்ந்து பழகி, கடைசியில் அந்த நாற்காலியையே பிடித்துக்கொண்டார்.

ஏறியவர் ஏறியவர்தான். ஆனால் கிரீஸ் போட்ட புத்தி மட்டும் போகவில்லை. உலகத்தில் எது மக்கர் பண்ணினாலும் அதற்குக் காரணம் கிரீஸ் இல்லாததுதான் என்பது அவர் முடிவு. வீட்டில் கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள், குடை, பூட்டு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அலமாரிச் சாவியைத் தொட்ட கையோடு சோப்பைத் தேடி ஓடுவாள் வீட்டம்மா. "என்னையும் ஒரு தடவை கிரீஸ் போட்டு வெச்சிடுங்க, முட்டி வலி போகட்டும்" என்பாள். அவர் அதற்கும் யோசிப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு எதிரி, மதியத் தூக்கம். சாப்பிட்டுவிட்டு ஏறினால் கூண்டுக்குள் இளஞ்சூடு. கிரேன் தொட்டில் மாதிரி லேசாக ஆடும். கண் தானாகச் சொக்கும். கூண்டில் போன் கூடாது என்பது யார்டின் சட்டம். பாட்டுப் பெட்டிக்கு மட்டும் சூப்பர்வைசர் தலையாட்டியிருந்தார். உள்ளங்கை அளவு ப்ளேயர், அதோடு ஒரு குட்டி ஸ்பீக்கர். எப்போதும் திறந்திருக்கும் வாக்கிடாக்கியின் குரலை அமுக்காத அளவுக்குச் சத்தம்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழகிய பாட்டு உதவாது. அடுத்த வரி என்ன என்று தெரிந்துவிட்டால் அதுவே தாலாட்டாகிவிடும். தெரியாத பாட்டாக இருந்தால்தான் இந்த ஆள் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று மனசு முழித்துக்கொண்டிருக்கும். அதனால் வாராவாரம் லீவு நாளில் பழைய பாட்டையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பாட்டு ஏற்றுவார். வீட்டுச் சமையலுக்குக் காய்கறி வாங்குவது மாதிரி அது ஒரு வேலை.

சில மாதங்களாகத்தான் அந்த வேலை முட்டிக்கொண்டு நின்றது. முன்பெல்லாம் ஒரு குளியல் போட்டு வருவதற்குள் ஏறிவிடும் பாட்டு, பிறகு குளியலும் சாப்பாடும் ஆகும்வரை இழுத்தது. பிறகு அரை நாள். போன லீவில் பொறுமை போய், நாலைந்து பாட்டு ஏறியதும் கேபிளைப் பிடுங்கிவிட்டார். அந்த நாலைந்து பாட்டும் இரண்டே நாளில் மனப்பாடம். மூன்றாம் நாள் மதியம், பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் தூங்கிவிட்டார்.

லாரி ஹாரன் அடித்துத்தான் கண் திறந்தது. குனிந்து பார்த்தால் பெட்டிக்கு நேர் கீழே மஞ்சள் தொப்பி போட்ட ஓர் ஆள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த மஞ்சள் தொப்பி அதன்பிறகு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போதுகூட வந்து நின்றது.

இறங்கி வந்ததும் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். அவரைவிட வயதில் சின்னவர், வேலையில் கறார்.

"அண்ணே, பொட்டி தொங்குது, நீங்க குறட்டை விடுறீங்க. வாக்கிடாக்கியில எனக்குக் கேக்குது."

"கண்ணைத்தான் மூடினேன். தூங்கலை."

"கண்ணை மூடிக்கிட்டுக் குறட்டை விடுறதுக்கு வேற பேரு இருக்கா? இன்னொரு தடவை நடந்துச்சுன்னா கீழ சீல் பாக்குற வேலைக்குப் போயிடுங்க. எனக்கு உங்களைவிட கீழ நிக்கிறவங்க முக்கியம்."

அவருக்கும் அதுதானே முக்கியம். கன்டெய்னர் கதவில் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்கிற வேலை, முழங்கால் போனவர்களுக்குக் கொடுப்பது. அதற்குப் போவதா, இல்லை எவன் தலையிலாவது பெட்டியைப் போடுவதா? இரண்டும் வேண்டாம் என்றால் ப்ளேயருக்குள் பாட்டு ஏற வேண்டும்.

அடுத்த லீவு வரை காத்திருக்க முடியாது. மறுநாள் மதிய ஷிப்டுக்கு முன்பே ஏற்றிவிடுவது என்று காலையிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மகள் படிக்கிறபோது வாங்கியது. அவள் வேலைக்கு வேறு ஊர் போன பிறகு இவருடைய பாட்டுக் கிடங்கு அதுதான். ப்ளேயரைச் சொருகி, புதுப் பாட்டுகளைப் பிடித்து இழுத்துப் போட்டார். திரையில் பச்சைக் கோடு ஒன்று முளைத்தது. மூன்று மணி நேரம் பாக்கி என்றது. கொஞ்சம் கழித்து ஐந்து மணி நேரம் என்றது. அப்புறம் யோசித்து, நாலு என்றது.

வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "ஏறிடுச்சா?"

"ஏறுது."

"காபி குடிக்கும்போதும் இதைத்தானே சொன்னீங்க."

"அப்ப ஏறினதுதான் இன்னும் ஏறுது."

மைத்துனனுக்குப் போன் போட்டார். வீட்டம்மாவின் தம்பி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கையில் தொழில் இருக்கிறது. வாயில் அதைவிட அதிகம் இருக்கிறது.

"மாமா, முன்னாடி சொருகியிருக்கீங்களா, பின்னாடியா?"

"எந்தப் பக்கம் சொருகினா என்னடா, கரன்ட் ஒண்ணுதானே?"

"பின்னாடி சொருகுங்க. அதுதான் நேரா போர்டுல இருக்கும்."

மேஜைக்கு அடியில் புகுந்தார். தூசி மூக்கில் ஏறியது. எழும்போது மண்டை மேஜையில் இடித்தது. பச்சைக் கோடு அசையவில்லை.

"அப்ப கேபிள் போயிருக்கும். புதுசு வாங்குங்க."

தெருமுனைக் கடையில் புதுக் கேபிள் வாங்கி வந்தார். புதுசு அல்லவா, நுழைய இறுக்கமாக இருந்தது. அதற்குத்தான் மருந்து இருக்கிறதே. ஜன்னலோரம் இருந்த டப்பாவைத் திறந்து, தீக்குச்சி நுனியில் கிரீஸ் எடுத்துக் கேபிள் வாயில் தடவினார். வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. பாட்டு மட்டும் போகவில்லை.

"வைரஸ் பாக்குற புரோகிராமை நிறுத்திப் பாருங்க மாமா. ஒவ்வொரு பாட்டையும் நிறுத்திச் சோதனை போட்டுத்தான் அது உள்ள விடும்."

நிறுத்தினார். இம்மியும் நகரவில்லை.

"சரி, கடைசி வழி. ப்ளேயரை மொத்தமா அழிச்சு ஃபார்மேட் பண்ணிடுங்க. பழைய குப்பை சேந்தா இப்படித்தான் இழுக்கும்."

பண்ணினார். இப்போது பெட்டிக்குள் பழைய பாட்டும் இல்லை. துடைத்து வைத்த சட்டி மாதிரி இருந்தது. புதுப் பாட்டை மறுபடி இழுத்துப் போட்டார். ஆறு மணி நேரம் என்று வந்தது. போனில் மைத்துனனைப் பிடித்துக் கத்தினார்.

"ஏங்க, கத்தாம இருங்க. பக்கத்து வீட்ல கேக்குது."

"கேக்கட்டும். உன் தம்பி லட்சணம் ஊருக்கே தெரியட்டும். இருந்த நாலு பாட்டையும் அழிக்க வெச்சுட்டான். கோவணத்துல இருந்ததும் போச்சு."

"அவன் போன்ல சொல்லி நீங்க செஞ்சா அப்படித்தான். நேர்ல போவோம், கிளம்புங்க. நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா அடிச்சுக்குவீங்க."

மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு, யூனிபார்மையும் மாட்டிக்கொண்டு, வண்டியில் கடைக்குப் போய் இறங்கினார்கள். மைத்துனன் பெரிய மனுஷத் தோரணையில் ப்ளேயரை வாங்கி, கேபிளோடு தன் மெஷினில் சொருகினான். "நம்ம மெஷின்ல பாருங்க மாமா, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள" என்றான். கண்ணை மூடித் திறந்தாயிற்று. பலமுறை. பச்சைக் கோடு அவர் வீட்டில் நின்ற அதே இடத்தில், அதே அழுத்தத்தோடு நின்றது.

"கண்ணை மூடுற பேச்சை எங்கிட்ட எடுக்காதடா" என்றார் மேல்மாடி.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். ப்ளேயர் பழசு என்றான். மெமரி கார்டு மட்டம் என்றான். புதுசு வாங்கிவிடலாம் என்றான். அவன் அடுக்குவதைக் கேட்டுக்கொண்டே வீட்டம்மா கேபிளைப் பிடுங்கி ப்ளேயரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். வருஷக்கணக்காக அவர் யூனிபார்ம் துவைக்கிற கை அது.

"இதுலயுமா?" என்றாள்.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"உங்க மாமாவையே கேளு."

மைத்துனன் பல்குத்தும் குச்சியை ப்ளேயரின் வாய்க்குள் விட்டு எடுத்தான். கருப்பாகப் பிசின் மாதிரி சுருண்டு வந்தது. நூலும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மாமா, இது என்ன?"

"கிரீஸ்தான். வேற என்ன? டைட்டா இருந்துச்சு."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"சொருகும்போதெல்லாம் கொஞ்சம். தேயாம இருக்குமில்ல."

"புதுக் கேபிள்ல?"

"அதுதான் ரொம்ப டைட்டு."

மைத்துனன் தன் மெஷினைத் திருப்பிப் பார்த்தான். அதன் வாயிலும் ஈஷியிருந்தது. விரலால் தொட்டு அக்காவிடம் காட்டினான்.

"மாமா, இது கிரேன் இல்ல. அந்தச் சின்னத் தகடுங்க நல்லா ஒட்டினாத்தான் ரெண்டும் பேசிக்கும். நடுவுல பிசுக்கு இருந்தா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குக் கேக்காது. அப்ப வேகத்தைக் குறைச்சுக்கும். காது கேக்காதவங்ககிட்ட நாம நிறுத்தி நிறுத்திப் பேசுவோமே, அந்த மாதிரி."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா?"

"ப்ளேயருக்குக் கிரீஸ் போடுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஸ்பிரிட் ஊற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் ப்ளேயர் வாயைத் தேய்த்தான். தன் மெஷினையும் முனகிக்கொண்டே துடைத்தான். மேல்மாடியின் கேபிளைத் தொடவே இல்லை, குப்பைத் தொட்டியில் போட்டான். ஈரம் காயும்வரை மேல்மாடி சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். வேறு கேபிள் எடுத்துச் சொருகி, சோதனைக்கு ஒரு பாட்டைப் போட்டான். பச்சைக் கோடு முளைத்த இடம் தெரியாமல் ஓடி முடிந்துவிட்டது. மேல்மாடிக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. இதற்காகவா மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டது?

"எந்தப் பாட்டு வேணும் மாமா?"

"எனக்குத் தெரியாத பாட்டு."

"உங்களுக்கு எது தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினான். முதல் பாட்டுக்கே அவர் விரல் மேஜையில் தாளம் போட்டது. தள்ளு என்றார். அடுத்ததற்கு, "எனக்குத் தெரியாது" என்றார்.

"பல்லு விளக்கும்போது பாடுவீங்களே, அதானே இது" என்றாள் வீட்டம்மா. அதுவும் போயிற்று.

இப்படியே போனால் ஷிப்டு போய்விடும் என்று மைத்துனனுக்குப் பட்டது. கடைக்கு வருகிற வாலிபர்கள் கேட்டு வாங்கிப்போகிற பாட்டு ஒரு மூட்டை வைத்திருந்தான். அதில் ஒன்றைத் தட்டினான். யாரோ மூச்சுவிடாமல் திட்டுகிற மாதிரி இருந்தது. பின்னால் தகரம் உருண்டது.

"இது பாட்டா?" என்றார் மேல்மாடி.

"தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்க."

"எங்க பரம்பரைக்கே தெரியாது."

"அப்ப இதுதான்" என்றாள் வீட்டம்மா. தம்பி மூட்டையை அப்படியே ஏற்றினான். அவள் ப்ளேயரை வாங்கி முந்தானையால் ஒரு தடவை துடைத்து மேல்மாடியின் கையில் கொடுத்தாள்.

மதியம் கூண்டில் ஏறி உட்கார்ந்தபோது சாப்பாடு வயிற்றில் கனத்தது. இளஞ்சூடு வந்தது. ஆட்டம் வந்தது. பாட்டைத் தட்டினார். ஒருவன் கத்தினான். போகட்டும் என்று பெட்டியைத் தூக்கினார். இரண்டாமவன் அழுதுகொண்டே கத்தினான். மூன்றாவது பாட்டில் ஒரு பெண், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதோ முடியும், இதோ முடியும் என்று காத்திருந்தால் அங்கேதான் மறுபடி ஆரம்பித்தாள். எப்படிம்மா உன் வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று வாய்விட்டே கேட்டார். காது எரிந்தது, பல் நறநறத்தது. ஆனால் கண் அகலத் திறந்திருந்தது. கீழே நடக்கிற ஒவ்வொரு மஞ்சள் தொப்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. வழியில் ஒரு தொப்பி வந்தால் பெட்டியை நிறுத்தினார். அது விலகிய பிறகே இறக்கினார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் வாக்கிடாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

"இந்தக் கூச்சல்ல எவன் தூங்குவான்?"

"ரொம்ப நேரமா யாரையோ திட்டுறது கேக்குதே. யாரை?"

"பாடுறவனை."

"நல்லது. ஷிப்டு முடியறவரைக்கும் திட்டிக்கிட்டே இருங்க" என்றார் சூப்பர்வைசர்.

மேல்மாடி முனகிக்கொண்டே அடுத்த பெட்டியைத் தூக்கினார்.