மாமியார் படத்துக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்கு எதையும் ஒருமுறை செய்தால் திருப்தி வராது. கடையைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். மன்னார்குடியில் எங்கள் படச்சட்டக் கடைக்கு ஆப்பு இறக்கும் மெஷின் வந்தபோதும் அந்தக் குணம் போகவில்லை.

மெஷின் என்னவோ கெட்டிக்கார மெஷின். சாய்வாக அறுத்த இரண்டு சட்டங்களை மூலை சேர்த்து வைத்துப் பெடலை மிதித்தால், மேலே ஒரு ரப்பர் கட்டை அழுத்திப் பிடிக்கும். அடியிலிருந்து சின்னத் தகடு ஆப்பு ஏறி மூலையைக் கவ்விக்கொள்ளும். சட்டம் அறுப்பது நான். மயிரிழை தெரியாமல் சேரும் அறுப்பு என்னுடையது. ஆனால் பெடல் அவருடையது.

"ஒரு தடவ நான் மிதிக்கிறேங்க."

"ஒனக்குப் பழக்கமில்ல. கால் நழுவும்."

தினமும் தையல் மெஷின் மிதிக்கிறவளிடம் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஒரு மிதி மிதிப்பார். "நல்லா புடிக்கட்டும்" என்று அதே இடத்தில் இன்னொரு மிதி. இரண்டாவது ஆப்பு முதல் ஆப்பை மேலே தள்ளும். தடித்த சட்டம் தாங்கிவிடும். ஒல்லிச் சட்டத்தில் முகப்பைப் பொத்துக்கொண்டு முனை எட்டிப் பார்க்கும்.

கூத்தாநல்லூர் பக்கத்து அம்மா ஒருவரின் மாரியம்மன் படத்தில் நாலு மூலையும் அப்படியானது. அந்தம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். இவர் சட்டென்று சாமி மாடத்துச் சந்தனத்தை எடுத்து மூலைக்கொன்றாய் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அந்தம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொட்டெல்லாம் வச்சே குடுக்குறீங்களே தம்பி" என்று நெகிழ்ந்துபோனார்.

அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. சந்தனக் கிண்ணம் மெஷின் பக்கத்திலேயே குடியேறியது. என் அறுப்பெல்லாம் சந்தனத்துக்கு அடியில் போனது.

நடவு முடிந்த கையோடு அத்தை வந்தார், இவருடைய அம்மா. பட்டுப்புடவையில் ஸ்டுடியோவில் எடுத்த தன் படத்தைக் கொடுத்து, ஒல்லிச் சட்டமாகப் பார்த்து எடுத்தார். "வாசலுக்கு நேரா மாட்டணும். உள்ள வர்றவன் என்னைப் பாத்துட்டுதான் வரணும்."

மூலைக்கு இரண்டு மிதி. நாலு முனை. இவர் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. உயிரோடு இருப்பவர் படத்துக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் பார்த்தேன். டீ போடப் போய்விட்டேன்.

சாயங்காலம் அத்தை படத்தைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தார். கொஞ்ச நேரம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா, மாலை எங்க? மறந்துட்டியா?"

அத்தை நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். ஆப்பு முனை பளிச்சென்றது.

"ரெண்டு தடவ மிதிச்சியா? நீ சோத்துக்கே ரெண்டு தடவ உப்பு போடுறவனாச்சே." என் பக்கம் திரும்பினார். "நீ மிதிம்மா."

"அவளுக்குப் பழக்கம்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நீ அந்தக் கிண்ணத்த எடுத்து உள்ள வை."

புதிதாக அறுத்தேன். மூலைக்கு ஒரே மிதி. அத்தை கட்டைவிரலால் நாலு மூலையையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றிலிருந்து பெடல் என்னுடையது.

பொட்டு வைத்த சட்டத்தை இவர் குப்பைக்கு எடுத்துப் போனார். அத்தை விடவில்லை.

"அத ஏன்டா தூக்கிப் போடுற? பத்திரமா வை. ஒருநாள் ஒதவும். பொட்டு வைக்கிற வேலகூட மிச்சம்."

இவர் சட்டத்தைப் பேப்பரில் சுற்றினார். பிறகு இன்னொரு பேப்பரை எடுத்து, அதற்கு மேலும் சுற்றினார்.