உர்வே திரும்பிக்கொள்கிறாள்

யாராவது மீன் கேட்டு வந்தால் உர்வே மீனைப் புகையில் வாட்டும் புகைக்கூட்டின் கதவைத் திறந்து, கம்பிகளில் தொங்கும் தட்டைமீன்களைக் காட்டுவாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வந்தவர் மீனை எடுத்துக் காகிதத்தில் சுற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவாள். பெரிய மீனுக்கும் சின்ன மீனுக்கும் ஒரே விலை. இது வியாபாரத்துக்கு ஆகாத பழக்கம் என்று நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"நான் பாத்துக்கிட்டு நின்னா வெக்கப்பட்டுச் சின்னதா எடுப்பாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் என்னைத் திட்டுவாங்க. அவங்கவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கட்டுமே, நமக்கென்ன?" என்பாள்.

வயது அறுபதை நெருங்குகிறது. கோடையோ பனியோ, காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்தான். சனிக்கிழமைதோறும் சவ்னா என்னும் நீராவிக் குளியலறையில் மணிக்கணக்காக வியர்த்தாலும் தலைமுடியில் ஏறிய புகைவாசம் போவதில்லை. அவள் படகுத்துறையிலிருந்து கிளம்பினால் ஊர்ப் பூனைகளுக்கு முதலில் தெரிந்துவிடும். விறகு ஈரமாக இருந்தால் அதோடு சண்டை போடுவாள். "எரியறதுன்னா எரி, இல்லேன்னா காட்டுக்கே போ!" இத்தனைக்கும் அவள் புகைமீன் தின்பதில்லை. கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே பச்சை வெங்காயம் வைத்து நின்றபடியே கடிப்பாள்.

இந்த உர்வேதான் போன வருஷம் எஸ்தோனியாவின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கத் தலைநகர் தாலினுக்குப் போனாள்.

எங்கள் ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. முதலில் எம்.பி.க்கள் மூன்று முறை முயன்று பார்ப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு யாருக்கும் விழாவிட்டால், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் உறுப்பினர் ஒருவரையாவது அனுப்பவேண்டும். எம்.பி.க்களும் ஊர்க்காரர்களும் ஒரே மண்டபத்தில் கூடி ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். தாலினுக்கு அங்கே பத்து ஓட்டு. எங்கள் தீவுக்கு ஒன்று. இன்னாருக்குத்தான் போடவேண்டும் என்று அந்த ஒருவருக்கு யாரும் உத்தரவு போட முடியாது. உத்தரவு போட ஆசைப்படாதவர்கள் எங்கள் தீவில் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் சபையில் ஏழு பேர். நான் நடத்தும் ஊர் நூலகத்தின் பின்னறையில்தான் கூடுவோம். யாரை அனுப்புவது என்பதில் எனக்கும் உர்வேக்கும் போட்டி. சீட்டுகளைப் பிரித்தபோது அவளுக்கு நான்கு, எனக்கு மூன்று. அந்த வாரமே ஐந்து பேர் தனித்தனியாக வந்து, "உனக்குத்தான் போட்டேன், என்ன பண்றது!" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் எனக்குப் போட்டுக்கொண்ட ஓட்டு அந்தக் கணக்கில் சேரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். உர்வே மட்டும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

போட்டி கடைசியில் ஒரு பேராசிரியைக்கும் ஓய்வுபெற்ற ஒரு தூதருக்கும் என்று ஆயிற்று. சபைத் தலைவர் எல்மார் தூதர் பக்கம். தூதர் ஒரு கோடையில் இங்கே வந்து எல்மாரோடு மீன்சூப் குடித்து, "இந்தப் படகுத்துறையை ஆழப்படுத்தணுமே" என்று சொல்லிவிட்டுப் போனவர். படகுத்துறைக்கும் ஜனாதிபதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதற்கு, "சம்பந்தத்தை உண்டாக்கிக்கணும்பா" என்றார் எல்மார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் வற்றும்போதெல்லாம் அவருடைய படகின் அடி தரை தட்டுகிறது. அந்தச் சத்தம் அவருக்கு வயிற்றில் கேட்கிறது.

உர்வேயின் புகைக்கூடு நிற்பது சபைக்குச் சொந்தமான நிலத்தில். அந்த இலையுதிர் காலத்தோடு குத்தகை முடிகிறது, சபை சரி என்றால்தான் நீளும். அந்த இடம் போனால் அவளுக்குப் பிழைப்பும் போனமாதிரி. தீவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அவள் கிளம்பிய காலையில் படகுத்துறையில் வைத்து எல்மார் அதை இன்னொரு முறை ஞாபகப்படுத்தினார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"உர்வே, குத்தகை விஷயம் அடுத்த கூட்டத்துல வருது."

"வரட்டும்."

"நான் உன்னை ஒண்ணும் வற்புறுத்தல. உள்ள போய் தூதர் பேருக்கு நேரா சிலுவை போட்டதும், அந்தச் சீட்டைப் போன்ல ஒரு படம் எடுத்துட்டு வா. நான் மட்டும் பாத்துக்கறேன். மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லணுமோ, நான் சொல்லிக்கறேன்."

கப்பலில் சீட்டுக் கிழிக்கும் தெர்யே மேலிருந்து கத்தினாள். "உர்வேக்கா! சீக்கிரம் ஏறுங்க! உங்களுக்காக ஜனாதிபதி காத்துக்கிட்டிருக்காரு!"

உர்வே கோட்டுப் பையில் கைவிட்டுத் தன் போனை எடுத்தாள். அணைத்தாள். எல்மாரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"பத்திரமா வச்சிரு. தாலின்ல திருட்டு ஜாஸ்தியாம்" என்றாள். பூட்ஸ் பலகையில் தடதடக்க ஏறிப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்மார் என்னை முறைத்தார்.

மறுநாள் இரண்டாம் சுற்றில் தூதர் ஜெயித்தார் என்று ரேடியோ சொன்னது. எல்மாரின் முகம் மலர்ந்தது. அதற்கடுத்த நாள் கப்பல் வரும்போது பாதித் தீவு படகுத்துறையில் நின்றது. தெர்யேதான் முதலில் இறங்கினாள். "வழி பூரா கேட்டுட்டேன், வாயைத் திறக்கல! மேடை நல்லா இருந்துச்சாம், காப்பி ஆறிப்போயிருந்துச்சாம். வேற ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாங்க!"

உர்வே இறங்கியதும் எல்மார் போனைக் கொடுத்தார். குரலில் பழைய அதிகாரம் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது.

"அதான் நம்மாளு ஜெயிச்சாச்சே. அவருக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை. நிஜமோ பொய்யோ, யாராலும் சரிபார்க்க முடியாத வார்த்தை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஓட்டுப் போட்டேன் எல்மார்" என்றாள். "உன் படகு இன்னும் தட்டுதா? ஓரமா கட்டாதே, என் புகைக்கூட்டுப் பக்கம் கொஞ்சம் ஆழம். அங்க கட்டிக்கோ."

மூன்றாம் வாரம் சபை கூடியது. குத்தகைக்கு ரகசியச் சீட்டு கிடையாது. கையைத் தூக்கவேண்டும். தன் விஷயத்தில் உர்வே ஓட்டுப் போடக்கூடாது, ஆக மிச்சம் ஆறு பேர். நான்கு கை வேண்டும். எல்மார் குத்தகைத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "ஆதரிக்கறவங்க..." என்றார்.

உர்வே எழுந்தாள். வெளியே போகிறாளாக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அறையெங்கும் புகைவாசம்.

என் கை முதலில் உயர்ந்தது. இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. மூன்று. மற்ற இருவரும் எல்மாரின் ஆட்கள், மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்மார் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல மேலே வந்தது.

"நாலு. நிறைவேறியாச்சு" என்றேன்.

எல்மார் சட்டென்று கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். உர்வே அப்போதும் திரும்பவில்லை. எல்லாரும் தாள்களை அடுக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலியைத் திருப்பினாள்.